வேலை தேடும்போது வரும் படபடப்பு: ஜெராக்ஸ் கடையிலிருந்து சில யோசனைகள்

சைதாப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் முதலில் வருவது பெரும்பாலும் ரெஸ்யூம்தான். கிண்டிக்கோ, ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைக்கோ இன்டர்வியூவுக்குக் கிளம்பியவர்கள். “அக்கா, ரெண்டு காப்பி, சீக்கிரம்” என்று பென் டிரைவை நீட்டுகிற கை லேசாக நடுங்கும். நான் கவனிக்காத மாதிரி இருந்துகொள்வேன். எட்டு வருடமாகக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். அதற்கு முன்னால் பதினான்கு மாதம் அந்தப் பக்கம் நின்றவள் நான்.

2016 டிசம்பரில், வர்தா புயலில் தெருத்தெருவாக மரம் விழுந்த அதே மாதத்தில், என் வேலையும் போனது. பி.காம்., டேலி, ஆறு வருட அனுபவம் எல்லாம் இருந்ததால் பொங்கலுக்குள் வேறு இடம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த பொங்கலும் வந்தது. அந்த நாட்களில் நான் செய்த தப்புகளையும், கடைக்கு வருகிற தம்பி தங்கைகளிடம் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம் எது என்பதையும் நடுவில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கவலையையும் பிரித்து வையுங்கள்

‘வேலை கிடைக்குமா’ என்பது ஒரு கவலை. ‘எந்த வேலைக்குப் போவது’ என்பது வேறு கவலை. ராத்திரி பதினொரு மணிக்குப் போனை வைத்துக்கொண்டு படுத்தால் இரண்டும் கலந்துவிடும். வங்கித் தேர்வு, பைத்தான் கோர்ஸ், துபாய், பி.எட்., மாமா பையன் தொடங்கிய கேட்டரிங். பன்னிரண்டு மணிக்குள் ஐந்து வாழ்க்கை வாழ்ந்து ஐந்திலும் தோற்றிருப்பீர்கள். காலையில் ஒரு மெயில் அனுப்பக்கூடத் தெம்பு இருக்காது.

வாரநாட்களில் முதல் கவலையை மட்டும் பார்ப்பது, இரண்டாவதுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். நடுவில் புதன்கிழமை ‘பேசாமல் டீச்சருக்குப் படித்தால் என்ன’ என்று தோன்றினால், நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு மூடிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தால் பாதி வரிகளைப் பார்த்து எனக்கே சிரிப்பு வரும். மீதி வரிகள்தான் யோசிக்க வேண்டியவை.

தேடுவதற்கும் கடை மூடும் நேரம் வேண்டும்

வேலை தேடுவதில் பெரிய கொடுமையே அதற்கு ஷட்டர் கிடையாது என்பதுதான். ஆபீஸ் வேலை ஆறு மணிக்கு முடியும். தேடுவது சாப்பிடும்போதும் நடக்கும், கோயிலிலும் நடக்கும். டி.வி. பார்த்தால்கூட ‘இப்போது ஒரு அப்ளிகேஷன் போட்டிருக்கலாமே’ என்று குத்தும். அதனால் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பத்து மணி முதல் ஒரு மணி வரை. ஒரு மணிக்கு மேல் நௌக்ரியும் லிங்க்ட்இன்னும் பார்க்கக் கூடாது. வந்த போனை எடுக்கலாம், அவ்வளவுதான்.

வீட்டில் உட்கார்ந்து தேடினால் “கேஸ் வந்திருக்கு, கதவைத் திற” என்பார்கள். நான் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். 2010-ல் திறந்தது. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவே அங்கே தனியாக இடம் விட்டிருக்கிறார்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கூட்டம் எப்போதும் இருக்கும். வடசென்னைக்காரர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் பக்கம், அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகமும் இருக்கிறது. எந்த நூலகமானாலும், தலை சீவி, சட்டை மாற்றி, செருப்புப் போட்டு வெளியே கிளம்புவதிலேயே பாதி மருந்து இருக்கிறது. நைட்டியோடு உட்கார்ந்து அப்ளிகேஷன் போட்ட நாட்களில் நான் எழுதிய கவர் லெட்டர்களைப் பிறகு படித்துப் பார்த்தேன். கெஞ்சுகிற மாதிரி இருந்தன.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, கம்பெனி, யார் மூலம் அனுப்பினீர்கள், மறுபடி எப்போது கேட்பது என்று நான்கு கட்டம் போதும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு முறை கேளுங்கள். அப்புறமும் இல்லையென்றால் கோடு போட்டு அடித்துவிடுங்கள். அந்தக் கோடு முக்கியம். அடிக்காதவரை அந்தக் கம்பெனி தலைக்குள் உட்கார்ந்துகொண்டு வாடகை கொடுக்காது. என் நோட்டில் 63 வரிகள். 9 பேர் போன் செய்தார்கள், 4 பேர் நேரில் கூப்பிட்டார்கள். மனசு மட்டும் ‘யாருமே கூப்பிடவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. நோட்டைத் திறந்தால் ஒன்பது பேர் இருந்தார்கள்.

போன வருடம் ஒரு தம்பி வந்தான், மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒரே வாரத்தில் பதினொரு முறை ரெஸ்யூம் பிரின்ட் எடுத்தான். திங்கட்கிழமை எழுத்துரு மாற்றினான், செவ்வாய் போட்டோவை இடது பக்கம் கொண்டுபோனான், புதன் ‘அப்பா பெயர்’ வரியை எடுத்தான், வியாழன் திருப்பிப் போட்டான். “எத்தனை இடத்துக்கு அனுப்பின தம்பி?” என்று கேட்டேன். “இன்னும் ரெடி ஆகல அக்கா.” எனக்கு லாபம்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. திருத்திக்கொண்டிருக்கும்வரை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, இல்லையா? படபடப்பு நம்மை அடக்கி வைப்பது இப்படித்தான். பயப்படுகிற விஷயத்தைத் தள்ளிப்போட்டால் உடனே ஒரு நிம்மதி வரும், அந்த நிம்மதி ருசியில் அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடுவோம். அன்று அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, எழுத்துப் பிழை மட்டும் பார்த்துவிட்டு, அங்கேயே அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று கம்பெனிக்கு மெயில் அனுப்பவைத்தேன். ரெஸ்யூமை மாதத்துக்கு ஒரு தடவைதான் திருத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கவலைப்படவும் ஒரு நேரம்

இது என் கண்டுபிடிப்பு இல்லை. மனநல ஆலோசகர்கள் சொல்லித்தருகிற முறை. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், கால் மணி நேரம். எனக்கு மாலை ஆறரை, மொட்டை மாடி, தண்ணீர் டேங்க் பக்கத்துத் திட்டு. பகலில் கவலை வந்தால் ‘ஆறரைக்கு வா’ என்று அனுப்பிவிட வேண்டும். ஆறரைக்கு உட்கார்ந்து பட்டியலாக எழுத வேண்டும். எழுதியதில் நாளை ஏதாவது செய்ய முடிகிறவற்றுக்குப் பக்கத்தில் ஒரு டிக். ‘ரெஃபரன்ஸ் கேட்ட மேடத்துக்குப் போன்’ டிக். ‘முப்பது வயதாகிவிட்டது’ டிக் கிடையாது. முதல் வாரம் கேலிக்கூத்தாக இருக்கும். மூன்றாவது வாரம் ஆறரை மணிக்கு எழுத எதுவும் தோன்றாமல் பக்கத்து வீட்டுப் புறாக்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காசை எண்ணுங்கள்

கையில் எவ்வளவு இருக்கிறது, மாதம் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், எத்தனை மாதம் தாங்கும்? எண்ணிப் பார்க்கப் பயந்துகொண்டு நான்கு மாதம் பாஸ்புக்கைத் திறக்கவில்லை நான், அதுவும் அக்கவுன்டன்ட். திறந்தபோது நினைத்ததைவிட ஒன்றரை மாதம் கூடுதலாகவே தாங்கும் என்று தெரிந்தது. தாங்காது என்றால் அரைநாள் வேலை ஒன்றைப் பிடியுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். நான் இதே கடையில் அப்போதைய முதலாளியிடம் பிற்பகலில் டி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுக்கிற வேலை பார்க்கச் சேர்ந்தேன், மாதம் நாலாயிரம்.

இன்னொன்று. பயந்திருக்கிறவனிடம் காசு பிடுங்குவது சுலபம் என்று ஒரு கும்பலுக்குத் தெரியும். பதிவுக் கட்டணம், ட்ரெயினிங் டெபாசிட், யூனிஃபார்மு என்று எந்தப் பெயரில் கேட்டாலும், வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தாலும் அப்படித்தான். ஆன்லைனில் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்கிற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

“என்ன பண்ற இப்போ?”

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது இந்தக் கேள்வி வரும். பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போங்கள். என்னுடையது: “அக்கவுன்ட்ஸ்ல தேடிட்டிருக்கேன் அத்தை, உங்களுக்குத் தெரிஞ்ச ஆடிட்டர் யாராவது இருந்தா சொல்லுங்க.” கேள்வி கேட்டவருக்கு இப்போது ஒரு வேலை வந்துவிட்டது. பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள். இரண்டு பேர் நிஜமாகவே சொன்னார்கள்.

வீட்டில் தினமும் விசாரித்தால் இன்னும் கஷ்டம். அப்பாவிடம் “ஞாயித்துக்கிழமை டிபனுக்கு அப்புறம் நானே எல்லாத்தையும் சொல்றேன்ப்பா, நடுவுல கேக்காதீங்க” என்று சொன்னேன். முகம் சுண்டிப்போனது. ஆனால் ஞாயிறுகளில் நோட்டைக் காட்டியதும் அவரே சமாதானமாகிவிட்டார். சில ஞாயிறு எனக்கு முன்னால் அவர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்.

எந்த வேலை என்ற ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு

‘எனக்கு எதில் ஆர்வம்’ என்று யோசித்துக்கொண்டே இருந்தால் தலைவலிதான் மிச்சம். அந்த வேலையில் இருக்கிற ஒருவரைப் பிடித்து ஒரு கேள்வி கேளுங்கள்: “நேற்றுக் காலை பதினொரு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” சம்பளம், பதவி எல்லாம் அப்புறம். ஐ.டி.யில் டெஸ்டிங் பார்க்கிற என் சித்தி பெண் “ஒரே பட்டனை நாற்பது விதமா அமுக்கிட்டிருந்தேன்” என்றாள். எனக்கு அது பிடிக்கும் போலிருந்தது. ஆஸ்பத்திரி பில்லிங்கில் இருக்கிற தோழி “அழுதுகிட்டு நிக்கிறவங்ககிட்ட அட்வான்ஸ் கட்டச் சொல்லிட்டிருந்தேன்” என்றாள். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன். ஒரு வேலைக்கு மூன்று பேரிடமாவது கேளுங்கள், ஒருவருக்கு முதலாளி மோசமாக இருந்திருக்கலாம். முடிந்தால் பத்து நாள் சும்மாவாவது போய்ப் பார்த்துவிடுங்கள்.

கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022-ல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பயிற்சிகளும் வழிகாட்டலும் கிடைக்கின்றன. எங்கள் காலத்தில் அதெல்லாம் இல்லை.

அரசு வேலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கடையில் கூட்டம் அலைமோதுவது டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தின் கடைசி நாளில்தான். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் 100 கேள்வி தமிழ். படிப்பதில் தப்பே இல்லை. ஆனால் லட்சக்கணக்கானவர்கள் எழுதுகிற தேர்வு அது. எத்தனை தடவை எழுதுவது, எந்த வயதோடு நிறுத்துவது என்பதைப் படிக்கத் தொடங்கும் அன்றே தேதி போட்டு எழுதிவைத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த அன்று முடிவெடுத்தால் அது முடிவாக இருக்காது, கோபமாக இருக்கும். இருபத்தொன்பது வயதில் ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று வருகிறவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கூடவே ஒரு வேலையில் இருந்துகொண்டு எழுதுகிறவர்கள் அவ்வளவு ஒடிந்துபோவதில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். ஆன்லைனிலேயே முடியும், காசு கிடையாது. கிண்டியில் அந்த அலுவலக வளாகத்தில் அவ்வப்போது தனியார் வேலைவாய்ப்பு முகாமும் வைக்கிறார்கள். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, முன்பின் தெரியாதவர் எதிரில் உட்கார்ந்து பேசிப் பழக நல்ல இடம். தோற்றாலும் நஷ்டமில்லாத இரண்டு மூன்று இன்டர்வியூ கொடுத்துவிட்டால் முக்கியமான இன்டர்வியூவில் வாய் உலராது.

என் ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று கேட்பீர்கள். பதின்மூன்றாவது மாதம் ஒரு கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது, நல்ல சம்பளம். அதே வாரம் முதலாளி பெரியவர் கடையை விட்டுவிட்டு ஊருக்குப் போகப் போவதாகச் சொன்னார். மூன்று ஞாயிறு யோசித்தேன். காலை பதினொரு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருக்க விரும்புகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அம்மா இன்றுவரை என் முடிவை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

டாக்டரிடம் போக வேண்டிய கட்டம்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குளிக்கவே தெம்பில்லை, வெளியே போகவே முடியவில்லை, அல்லது ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் ஒரு முறையாவது வந்தது என்றால், இந்த நோட்டு, மொட்டை மாடி எல்லாம் போதாது. 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். 104 என்கிற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம். தற்கொலை எண்ணம் வந்தவர்களுக்காகவே 1986 முதல் சென்னையில் சினேகா அமைப்பு இருக்கிறது, எண் 044-24640050. நேரில் போக, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

கீழ்ப்பாக்கம் என்றதும் நம் ஊரில் ஒரு கேலி உண்டு. சின்ன வயதில் நானும் செய்திருக்கிறேன். 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது, புறநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் ஏராளம். அந்தக் கேலிக்குப் பயந்தே நான் மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு அரசு மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, பத்து நிமிடம் பேசினேன். பக்கத்தில் நின்றவர் பேங்க் ஆபீசர்.

இன்டர்வியூவுக்கு முதல் நாளும் அன்றும்

2017 மே மாதம், பெருங்குடியில் ஒரு இன்டர்வியூ. கேளம்பாக்கம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன். டைடல் பார்க் தாண்டியதும் நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது, விரல் மரத்துப்போகிறது, கண் இருட்டுகிறது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். எஸ்.ஆர்.பி. டூல்ஸ் ஸ்டாப்பில் இறங்கி நிழற்குடையில் உட்கார்ந்தேன். அரை மணியில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் நான் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் “நல்லா பண்ணேன்ப்பா” என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவது இன்டர்வியூவைவிடக் கஷ்டமாக இருந்தது.

அன்று எனக்குத் தெரியாதது இதுதான். பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது, ஓடுவதற்கு உடம்பு தயாராகிறது, அதனால்தான் இதயம் வேகமாக அடிக்கிறது. ஓடாமல் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பதால் அது நமக்கு நோய் போலத் தெரிகிறது. இந்த அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். (முதல் தடவை நெஞ்சு வலி வந்தால் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள், பயம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.) இறங்கும்வரை செய்ய வேண்டியது: நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவது. விடுகிற மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். கண்ணில் படுகிற ஐந்து கடைப் பெயர்ப் பலகைகளை வாசியுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கினாலும் பரவாயில்லை, அடுத்த பஸ்ஸில் அதே திசையில் ஏறுங்கள்.

முதல் நாளே போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். நான் அடுத்த இன்டர்வியூவுக்கு அப்படித்தான் செய்தேன். வாட்ச்மேனிடம் எந்த கேட் என்று கேட்டேன், எதிரில் டீக்கடை இருக்கிறதா என்று பார்த்தேன், திரும்பிவிட்டேன். மறுநாள் அது பழகிய இடம். பெண்களுக்கு மாநகரச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் காசும் இல்லை. ஓ.எம்.ஆர். என்றால் கூகுள் மேப் காட்டுவதற்கு மேல் முக்கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் முகம் கழுவ, கண்ணாடி பார்க்க வசதி இருக்கும்.

காலையில் இட்லியோ தயிர் சோறோ எதையாவது சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் டிகாக்ஷன் காபி குடித்துவிட்டு ‘படபடன்னு வருது அக்கா’ என்றால் வராமல் என்ன செய்யும்?

ஃபைலை ராத்திரியே அடுக்குங்கள். ரெஸ்யூம் மூன்று, போட்டோ நான்கு, சான்றிதழ் ஜெராக்ஸ் இரண்டு செட், ஆதார் காப்பி. ஒரிஜினலை லேமினேட் செய்யாதீர்கள், நாளைக்கு வெளிநாட்டு வேலைக்கு அட்டஸ்டேஷன் முத்திரை வாங்க அலைய வேண்டியிருக்கும். (லேமினேஷன் மெஷின் வைத்திருக்கிறவள் சொல்கிறேன், நம்புங்கள்.) கைக்குட்டை, தண்ணீர் பாட்டில். பேனா இரண்டு, முக்கியமாக உங்களுடையதே இரண்டு. காலையில் ஃபார்ம் நிரப்ப என்னிடம் வாங்குகிற பேனாவில் பாதி கிண்டிக்குப் போய்விடுகிறது.